ஏசி வாளி நிறைந்தால் கத்தும் சென்சார்: போர் தண்ணீரில் கத்துகிறது, ஏசி தண்ணீரில் முனகுகிறது

வாளிக்காவலன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் முதல் மாடி, வாடகை வீடு. ஏசி தண்ணீர்க் குழாயை வெளியே விட்டால் கீழ்வீட்டு சன்ஷேடில் ராத்திரி முழுக்க டொக் டொக்கென்று சொட்டுகிறது. அவர்கள் மேலே வந்து சொன்னார்கள், நியாயம்தான். அதனால் பால்கனியில் 20 லிட்டர் பெயின்ட் வாளி வைத்து அதற்குள் குழாயை விட்டிருக்கிறேன். புழுக்கம் அதிகமான நாட்களில் விடிவதற்குள் வாளி நிறைந்து வழிந்து, பால்கனி ஓட்டை வழியாக அதே சன்ஷேடுக்கே போய்ச் சேருகிறது.

வாளி முக்கால் நிறைந்ததும் சத்தம் போடுகிற மாதிரி ஒன்று வேண்டும், நூறு ரூபாய்க்குள். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவன் இல்லை, கணக்கு எழுதுகிறவன். பொழுதுபோக்காகச் சால்டரிங் பழகுகிறேன், அவ்வளவுதான். ரிச்சி தெருவில் பிசி547 டிரான்சிஸ்டர் ஒரு கைப்பிடி, 10 கிலோஓம் ரெசிஸ்டர், 12 வோல்ட் கருப்பு உருளை பஸ்ஸர், 9 வோல்ட் பேட்டரி, கிளிப் எல்லாம் வாங்கினேன். சர்க்யூட் எல்லோரும் முதலில் செய்து பார்ப்பதுதான். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர் தண்ணீருக்குள் போகிறது. தண்ணீரிலிருந்து இன்னொரு வயர் 10 கிலோஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸ் என்கிற கட்டுப்பாட்டுக் காலுக்கு வருகிறது. எமிட்டர் என்கிற கால் மைனஸில். மூன்றாவது காலான கலெக்டருக்கும் பிளஸ்ஸுக்கும் நடுவில் பஸ்ஸர். இரண்டு வயரின் நுனியிலும் அரை சென்டிமீட்டர் மட்டும் பிளாஸ்டிக்கைச் சீவி, வாளியின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டிருக்கிறேன்.

டம்ளரில் வீட்டு போர் தண்ணீரைப் பிடித்து நுனியை நனைத்தால் காது கிழிகிறது. வாளியில் ஏசி தண்ணீர் தொட்டால் முனகல்தான், சில சமயம் அதுவும் இல்லை. ஒரு சிட்டிகை உப்பு போட்டுப் பார்த்தேன், உடனே கத்தியது. ஒவ்வொரு தடவையும் உப்பு போட முடியாது, அந்தத் தண்ணீர் துளசிச் செடிக்குப் போகிறது.

இன்னொன்று. இதே சர்க்யூட்டில் பஸ்ஸருக்குப் பதில் எல்இடி போட்டு, கீழே சம்ப்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கவும் ஒன்று வைத்தேன். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பி வயர், 3 சென்டிமீட்டர் சீவியது, 9 வோல்ட் அடாப்டரில் எப்போதும் ஓடும். ஒரு மாதம்கூட ஆகவில்லை, பிளஸ் பக்கத்துக் கம்பி பச்சையாகி ஊசி மாதிரி மெலிந்துவிட்டது. மைனஸ் பக்கம் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிந்திருக்கிறது. எல்இடி எரிவதில்லை.

மீட்டரை ஓம்ஸில் வைத்து ஏசி தண்ணீரை அளந்தால் எண் நிற்காமல் ஏறிக்கொண்டே போகிறது. மீட்டர் போய்விட்டதா? ஆர்டுயினோ (புரோகிராம் எழுதி ஓட்டும் சின்ன கம்ப்யூட்டர் போர்டு) வரைக்கும் போகாமல் இரண்டுக்கும் வழி உண்டா?


குட்டிபோர்டு எழுதியது:

ப்ரோ, மழை சென்சார் என்று ஒரு போர்டு விற்கிறது. சீப்பு மாதிரி கோடு கோடாக இருக்கும், கூடவே எல்எம்393 என்கிற ஐசி வைத்த சின்ன மாட்யூல் ஒன்று, திருகி அளவு மாற்றும் பிரீசெட்டோடு. ஆன்லைனில் நூறு ரூபாய்க்குள்தான். அதை வாளிக்குள் செங்குத்தாக ஒட்டிவிடுங்கள், முடிந்தது கதை.


பழையரேடியோ எழுதியது:

தம்பி, உங்கள் மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஓம்ஸில் வைத்தால் மீட்டர் உள்ளேயிருந்து டிசி கரண்டை அனுப்பி அளக்கிறது. தண்ணீரில் டிசி போனால் கம்பியைச் சுற்றி அயனிகள் குவிகின்றன, மெல்லிசாக வாயுக் குமிழி ஒட்டுகிறது, ரெசிஸ்டன்ஸ் ஏறுகிற மாதிரி காட்டும். பிரோபை இடம் மாற்றிப் பிடித்தால் எண் தடாலென்று இறங்கி மறுபடி ஏறும், செய்து பாருங்கள். தண்ணீரின் ரெசிஸ்டன்ஸைச் சாதா மீட்டரில் சரியாக அளக்க முடியாது. குத்துமதிப்பு கிடைக்கும்.

காரைக்குடியில் ரொம்ப காலம் ரேடியோ, டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தேன். தொட்டி அலாரம் கேட்டு வருகிறவர்கள் எல்லோருக்கும் கடையில் ஒரே கேள்விதான் வைத்திருந்தேன்: எந்தத் தண்ணீர்? ஆள் முழிப்பார். தண்ணீர் என்றால் தண்ணீர்தானே என்பார். சர்க்யூட்டுக்கு அப்படி இல்லை. கரண்டைக் கடத்துவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு. சுத்தத்திலும் சுத்தமான தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு 18 மெகாஓம் காட்டும், கிட்டத்தட்ட இன்சுலேட்டர் என்றே வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஏசி தண்ணீர் காற்றிலிருந்த ஆவி குளிர்ந்து இறங்கியது, அதாவது வாலை வடித்த நீர். ஏசிக்குள் குளிரும் காயிலில் இருந்த தூசு கொஞ்சம் கரைந்திருக்கும், அதுதான் அதற்குள் இருக்கும் உப்பு. போர் தண்ணீர் பாறையையும் மண்ணையும் கரைத்துக்கொண்டு மேலே வருவது. இரண்டுக்கும் நூறு மடங்கு, ஐந்நூறு மடங்கு வித்தியாசம் சாதாரணமாக இருக்கும்.

இப்போது உங்கள் சர்க்யூட்டைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், கணக்கு உங்கள் தொழில்தானே. போர் தண்ணீரில் இரண்டு நுனிக்கும் நடுவே ஆயிரம் ஓமுக்கு உள்ளேதான் இருக்கும். அதோடு உங்கள் 10 கிலோஓம். பேட்டரி 9 வோல்ட்டில் பேஸ் 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். மீதி 8.3 வோல்ட், பேஸுக்கு 0.8 மில்லிஆம்பியர் கிடைக்கிறது. பிசி547 இருநூறு மடங்கு பெருக்கும் என்று வைத்தால் 160 மில்லிஆம்பியர் கேட்கும் அளவுக்குத் திறந்துவிடும். பஸ்ஸருக்கு வேண்டியது 30தான், அதனால் முழுசாகக் கத்துகிறது. ஏசி தண்ணீரில் நுனி தொடும்போது 200 கிலோஓம் என்று வையுங்கள். பேஸுக்கு 40 மைக்ரோஆம்பியர். இருநூறால் பெருக்கினால் 8 மில்லிஆம்பியர். 30 கேட்கும் பஸ்ஸருக்கு 8 கொடுத்தால் முனகத்தானே செய்யும்.

சம்ப்பில் நடந்தது இதற்கு நேர் எதிர். அங்கே 0.8 மில்லிஆம்பியர் ராப்பகலாக ஒரே திசையில் ஓடியிருக்கிறது. பிளஸ் கம்பியில் செம்பு கரைந்து தண்ணீருக்குள் போகும், மைனஸில் ஹைட்ரஜன் வரும். மைனஸைச் சுற்றித் தண்ணீர் காரமாகிவிடுவதால் கடினநீரில் உள்ள சுண்ணாம்பு அங்கேயே படியும். நீங்கள் பார்த்த பச்சையும் வெள்ளையும் அதுதான். இதையும் கணக்குப் போடலாம். 0.8 மில்லிஆம்பியர் ஒரு நாள் முழுக்க ஓடினால் சுமார் 23 மில்லிகிராம் செம்பு கரையும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 3 சென்டிமீட்டர் என்றால் எடை 400 மில்லிகிராம்தான். மூன்று வாரம் தாண்டினால் அதிசயம்.

ஆக, ஒரு பக்கம் தண்ணீர் வழியாகக் கரண்ட் போதவில்லை, இன்னொரு பக்கம் அளவுக்கு மேல் போகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே. தண்ணீர் கதவைத் தட்டினால் போதும், கதவைத் தள்ளித் திறக்கிற வேலையை அதன் தலையில் கட்டாதீர்கள். நாலைந்து மைக்ரோஆம்பியர் வந்தாலே போதும் என்கிற மாதிரி சர்க்யூட்டைச் செய்துவிட்டால் ஏசி தண்ணீரிலும் கத்தும், போர் தண்ணீரிலும் கம்பி நிற்கும்.

அதற்கு இன்னொரு பிசி547 போதும். உங்களிடம்தான் ஒரு கைப்பிடி இருக்கிறதே. இரண்டின் கலெக்டரையும் சேர்த்துக் கட்டுங்கள். முதலாவதின் எமிட்டரை இரண்டாவதின் பேஸில் வையுங்கள், இரண்டாவதின் எமிட்டர் மைனஸுக்கு. பஸ்ஸர் முன்பு இருந்த மாதிரியே பிளஸ்ஸுக்கும் கலெக்டர்களுக்கும் நடுவில். இதற்கு டார்லிங்டன் ஜோடி என்று பெயர், பெல் லேப்ஸில் வேலை பார்த்த சிட்னி டார்லிங்டன் 1950களில் கண்டுபிடித்தது. இருநூறை இருநூறால் பெருக்கினால் நாற்பதாயிரம். நடைமுறையில் அவ்வளவு வராது, பாதி வந்தாலும் நமக்கு மிச்சம்.

தண்ணீரிலிருந்து வரும் வயருக்கும் முதல் பேஸுக்கும் நடுவில் இருந்த 10 கிலோஓமை எடுத்துவிட்டு 1 மெகாஓம் போடுங்கள். இப்போது இரண்டு கம்பியையும் ஒன்றோடொன்று முட்டவிட்டாலும் 8 மைக்ரோஆம்பியருக்கு மேல் போகாது. பழைய சர்க்யூட்டில் நூறில் ஒரு பங்கு. சம்ப்பில் மூன்று வாரத்தில் போன கம்பி இனி வருஷக்கணக்கில் நிற்கும்.

முதல் பேஸிலிருந்து மைனஸுக்கு இன்னொரு 1 மெகாஓம் கட்டாயம் வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். இது இல்லாவிட்டால் பேஸ் அந்தரத்தில் தொங்கும். வயர் கொஞ்சம் நீளமாக இருந்தால் வீட்டு வயரிங்கின் 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் இல்லாமலே கீச்சிடும். அதே இடத்தில் 104 என்று எழுதியிருக்கும் 0.1 மைக்ரோபாரட் கெப்பாசிட்டர் ஒன்றும் போட்டுவிடுங்கள், இரைச்சல் அடங்கிவிடும். அந்தக் கீழ் ரெசிஸ்டர்தான் சென்சார் எவ்வளவு கூர்மை என்பதையும் தீர்மானிக்கிறது. டார்லிங்டன் திறக்க 1.2 வோல்ட் வேண்டும். 1 மெகாஓம் இருந்தால் தண்ணீர் ஐந்து மெகாஓம் வரை இருந்தாலும் முனகவாவது தொடங்கும். மழைக்காலத்தில் பால்கனி ஈரத்துக்கே பொய்யாகக் கத்தினால் கீழ் ரெசிஸ்டரை மட்டும் 330 கிலோஓமாக மாற்றுங்கள், வரம்பு ஒரு மெகாஓம் பக்கம் இறங்கிவிடும்.

பிசி547இன் கால்: தட்டைப் பக்கம் உங்களைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். முடித்ததும் இரண்டு நுனியையும் இரண்டு விரலால் பிடியுங்கள். உங்கள் தோல் வழியாகப் போகும் கரண்டுக்கே கத்த வேண்டும். கத்தாவிட்டால் எங்கோ கால் மாறியிருக்கிறது. கருப்பு உருளை பஸ்ஸருக்குள் காயில் இருப்பதால் அதன் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு போடுங்கள், கோடு போட்ட பக்கம் பிளஸ்ஸுக்கு. அல்லது 3 முதல் 24 வோல்ட் என்று போட்டிருக்கும் பீசோ பஸ்ஸர் வாங்குங்கள், கரண்டும் குறைவு, சத்தமும் அதிகம்.

மழை சென்சார் போர்டு வேலை செய்யாது என்று சொல்ல மாட்டேன். வாளியில் எப்போதோ ஒரு முறைதான் நனையும், அதற்கு அது தாங்கும். ஆனால் அந்த மாட்யூல் சும்மா இருக்கும்போதும் எல்இடியை எரித்துக்கொண்டு சில மில்லிஆம்பியரைக் குடிக்கும். 9 வோல்ட் பேட்டரி சில நாளில் காலி. டார்லிங்டன் சர்க்யூட் காய்ந்திருக்கும்போது எதையும் குடிப்பதில்லை என்றே சொல்லலாம், சுவிட்சே தேவையில்லை. சம்ப்பில் அந்த போர்டை மூழ்கவைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே இப்போது தெரியும். அதில் இருப்பது காகிதம் போல மெல்லிய செம்புக் கோடு.


சிறுவாணிப்பையன் எழுதியது:

கோயம்புத்தூரிலிருந்து. இதைப் படித்ததும்தான் எங்கள் வீட்டுக் கதை புரிந்தது. மேல்தொட்டியில் சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் அலாரம் மெதுவாக, போர் தண்ணீர் ஏற்றும் நாளில் சத்தமாக. நான் பேட்டரி மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன். சிறுவாணியில் உப்பு ரொம்பக் குறைவு, பாயிலர் சுத்தமாக இருக்கும் என்று அம்மா சொல்வது அலாரத்துக்கும் பொருந்தும்போல.

ஒரு சந்தேகம் சார். டார்லிங்டன் ஜோடி ஒரே உறையில் கிடைக்கிறதே, டிப்122. என்னிடம் இரண்டு சும்மா கிடக்கிறது. அதைப் போட்டால் ஒரு சால்டரிங் மிச்சம்.


வாளிக்காவலன் எழுதியது:

சார், ரொம்ப நன்றி. பிரெட்போர்டில் போட்டேன், விரலால் பிடித்ததும் கத்தியது, வாளியிலும் கத்துகிறது. பக்கத்து வீட்டில் ஆர்ஓ சர்வீஸ்காரர் விட்டுப்போன டிடிஎஸ் பேனாவை (தண்ணீரில் மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுவது) இரவல் வாங்கி அளந்தேன். எங்கள் போர் தண்ணீர் 1180. ஏசி வாளி 4! குடிநீருக்கு 500 வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை போகலாம் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்வது தெரியும், ஆனால் 4 என்று ஒரு எண்ணை அந்தப் பேனாவில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

புதிதாக ஒரு தொல்லை. வாளியைக் கொட்டிவிட்டு வைத்த பிறகும் கத்திக்கொண்டே இருக்கிறது. துணியால் துடைத்தால்தான் நிற்கிறது. இரண்டு கம்பியையும் இப்போது ஒரு பிளாஸ்டிக் அளவுகோலில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

சம்ப்புக்குக் கம்பி எதில் போடலாம்? 9 வோல்ட் அடாப்டர் போய்விட்டது, பழைய மொபைல் சார்ஜர் இருக்கிறது, போதுமா?


மின்வினைஞன் எழுதியது:

ஆர்டுயினோ வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், இருந்தாலும் சம்ப்புக்கு மட்டும் ஒரு யோசனை. இரண்டு கம்பியையும் ஆர்டுயினோ நானோவின் இரண்டு பின்களில் ரெசிஸ்டர் வழியாகக் கட்டுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை ஒரு பின்னில் வோல்டேஜ் கொடுத்து, மற்றதைப் பூஜ்யத்தில் வைத்து ஒரு நொடியின் சிறு பங்குக்குள் படித்துவிட்டு, உடனே அதே அளவு நேரத்துக்கு இரண்டையும் மாற்றி வைக்கவும். பிறகு இரண்டையும் பூஜ்யத்தில் விட்டுவிடலாம். கரண்ட் இரண்டு திசையிலும் சமமாகப் போவதால் ஒரு கம்பி மட்டும் கரைவது இருக்காது. மற்ற நேரம் தண்ணீரில் கரண்டே கிடையாது.

ஆனால் ஒரு எல்இடி எரிவதற்கு இது அதிகம்தான். மொபைலுக்குச் செய்தி வர வேண்டும் என்று ஒரு நாள் தோன்றினால் யோசியுங்கள்.


உப்பூர்க்காரன் எழுதியது:

ராமநாதபுரம் பக்கம் இருந்து பேசுகிறேன். எங்கள் ஊர் போர் தண்ணீரில் எந்த சர்க்யூட் போட்டாலும் கத்தும். கம்பிதான் நிற்காது. துருப்பிடிக்காத எஃகு என்று வாங்கியதே குழி குழியாக அரித்துவிட்டது. கடைசியில் மிதவை சுவிட்ச் வாங்கிப் போட்டேன். வெள்ளை பிளாஸ்டிக், நடுவில் தண்டு, அதில் ஏறி இறங்கும் மிதவை. மிதவைக்குள் காந்தம், தண்டுக்குள் காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டும் ரீட் சுவிட்ச். தண்ணீர் உப்பா, மழையா, ஏசியா என்று அது கேட்காது. விலையும் நூறு ரூபாய் பக்கம்தான். எதற்கு இவ்வளவு கணக்கு?


பழையரேடியோ எழுதியது:

உப்பூர்க்காரர் சொல்வது சரி. உங்கள் ஊர்த் தண்ணீருக்கு நானும் மிதவைதான் சொல்வேன். இன்னொன்றும் சேர்த்துச் சொல்கிறேன், தண்டின் நுனியில் இருக்கும் கிளிப்பைக் கழற்றி மிதவையைத் தலைகீழாகப் போட்டால் நிறைந்தால் ஒட்டுவது, நிறைந்தால் விடுவதாக மாறிவிடும். கடையில் வேறு மாடல் தேட வேண்டாம். ஆனால் உள்ளே இருக்கும் ரீட் மெல்லிய தகடு. பஸ்ஸர், எல்இடி, ரிலே காயில் வரைக்கும் அது தாங்கும். மோட்டாரை நேராக அதில் கட்டி ரீட் ஒட்டிக்கொண்டு, தொட்டி ராத்திரி முழுக்க வழிந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பாசியும் சுண்ணாம்பும் பிடித்தால் மிதவை பாதியில் நின்றுவிடும், அவ்வப்போது ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். ஆனால் வாளிக்காவலன் தம்பி சால்டரிங் பழகுகிறவர், அவருக்குக் கணக்கும் வேண்டும். வாங்கி மாட்டினால் பழக முடியாதே.

சிறுவாணித் தம்பிக்கு: டிப்122 இந்த வேலைக்கு ஆகாது. அதற்குள் பேஸிலிருந்து எமிட்டருக்கு ஏற்கெனவே இரண்டு ரெசிஸ்டர் வைத்தே தயாரிக்கிறார்கள், ஒன்று சில கிலோஓம், மற்றது நூற்றுச் சொச்சம் ஓம். பெரிய கரண்டில் சட்டென்று அணைய அது நல்லது. நமக்கு அதுவே எமன். வருகிற நாலு மைக்ரோஆம்பியரும் அந்த ரெசிஸ்டர் வழியாகவே வடிந்துவிடும், டிரான்சிஸ்டர் முழிக்கவே முழிக்காது. யுஎல்என்2003லும் இதே கதை, அதிலும் உள்ளே ரெசிஸ்டர் உண்டு. போர் தண்ணீர்த் தொட்டியில் நாலைந்து மட்டம் காட்ட அது அருமையான ஐசி, சிறுவாணியில் தகராறு செய்யும். ஒரே உறையில்தான் வேண்டும் என்றால் பிசி517 என்று கேளுங்கள், அதில் உள் ரெசிஸ்டர் கிடையாது. கிடைக்காவிட்டால் இரண்டு பிசி547, ஐந்தாறு ரூபாய்.

மின்வினைஞர் சொன்ன இரு திசைக் கரண்ட்தான் முறையான வைத்தியம். ஆர்டுயினோ மாதிரி மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள் சுலபமாகக் கிடைப்பதற்கு முன்பே அதற்கென்று ஒரு ஐசி இருந்தது, நேஷனல் செமிகண்டக்டரின் எல்எம்1830. உள்ளேயே ஆசிலேட்டர் வைத்து, கெப்பாசிட்டர் வழியாகத் திசை மாறிக்கொண்டே இருக்கும் கரண்டைத் தண்ணீருக்கு அனுப்பும். கெப்பாசிட்டர் டிசியை விடாது என்பதால் கம்பி கரையாது. இப்போது அது தயாரிப்பில் இல்லை. யாராவது பழைய சரக்கு என்று விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். சிடி4093 என்கிற ஐசி ஒன்றை வைத்து அதே வேலையைச் செய்யலாம், ஆனால் உங்கள் எல்இடிக்கு 8 மைக்ரோஆம்பியர் டிசியே போதும் என்பது என் கணக்கு.

இப்போது வாளி கொட்டிய பிறகும் கத்துவது. இரண்டு கம்பியையும் நெருக்கமாக வைத்தால் கொட்டிய பிறகும் நடுவே ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு நிற்கும். முன்பு இருந்த சர்க்யூட்டுக்கு அந்தச் சொட்டு போதாது, இப்போது போதும். அளவுகோலை எடுத்துவிடுங்கள். கம்பிகளுக்கு நடுவில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். நடுவில் எந்தப் பிளாஸ்டிக்கும் பாலம் போடக்கூடாது, ஈரம் அதன் மேல் படலமாகப் படர்ந்து இரண்டையும் சேர்த்துவிடும். மேலே மட்டும் ஒரு மரக்குச்சியிலோ பிவிசி துண்டிலோ பிடித்துக் கட்டி, கீழே கம்பி தனித்தனியாகத் தொங்கட்டும். ஏசி குழாய் சொட்டும் இடத்துக்கு எதிர்ப்பக்கம் வையுங்கள், இல்லாவிட்டால் தெறிப்புக்கே கத்தும். பல இழை வயர் வேண்டாம், இழைகளுக்கு நடுவே தண்ணீர் மேலே ஏறி பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறி நிற்கும். இதெல்லாம் செய்தும் நிற்காவிட்டால் கீழ் ரெசிஸ்டரை 330 கிலோஓம் ஆக்குங்கள்.

சம்ப்புக்குக் கம்பி: துருப்பிடிக்காத எஃகு ஸ்பூன் இரண்டு போதும். இப்போது போகிற கரண்டுக்கு மடிப்பாக்கம் தண்ணீரில் அது நெடுநாள் வரும். எஃகில் ஈயம் ஒட்டாது, அதனால் ஓட்டை போட்டு அதே எஃகில் போல்ட் நட்டு வைத்து வயரைப் பிடியுங்கள். அந்த மூட்டு தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். செம்பும் எஃகும் சேருகிற இடம் தண்ணீருக்குள் இருந்தால் நம் கரண்ட் இல்லாமலே அரிக்கும்.

காசே செலவழிக்கக் கூடாது என்றால் பழைய டார்ச் பேட்டரிக்குள் இருக்கும் கார்பன் குச்சி. உலோகம் இல்லாததால் செம்பு மாதிரி கரையாது. சாதா துத்தநாக பேட்டரியாக இருக்க வேண்டும், ஆல்கலைனில் குச்சியும் கிடையாது, உள்ளே இருக்கும் காரம் கையைப் புண்ணாக்கிவிடும். செய்தித்தாள் விரித்து, கையுறை போட்டு, வெளித் தகட்டை இடுக்கியால் உரித்தால் கருப்புப் பொடிக்கு நடுவில் குச்சி இருக்கும். பித்தளைத் தொப்பியோடு சேர்த்து எடுங்கள், வயரை அந்தத் தொப்பியில் சால்டர் பண்ணலாம். தொப்பியை எம்-சீல் வைத்து நன்றாக மூடிவிடுங்கள். குச்சி உடையும் சாதி, சம்ப் மூடியில் இடிக்காத மாதிரி கட்டுங்கள்.

அந்த 4 என்கிற எண்ணைப் பார்த்ததும் உங்களுக்கு அடுத்த ஆசை வந்திருக்கும், இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா என்று. கடையில் எல்லோரும் கேட்பார்கள். ஊற்றாதீர்கள். உப்பு குறைவுதான், ஆனால் காயிலில் பட்டு வரும் செம்பும் அலுமினியமும் தூசும் அதில் இருக்கும். டிடிஎஸ் பேனா மொத்தத்தை மட்டும்தான் சொல்லும், உள்ளே என்ன என்று சொல்லாது. துளசிக்கு ஊற்றுங்கள், வீடு துடையுங்கள்.

மொபைல் சார்ஜர் 5 வோல்ட் தாராளமாகப் போதும். இரண்டு 1 மெகாஓமும் அப்படியே இருக்கட்டும், எல்இடியோடு 330 ஓம் போடுங்கள். ஆனால் நல்ல கம்பெனி சார்ஜராக, போனோடு வந்ததாக இருக்கட்டும். டிரான்ஸ்பார்மர் இல்லாமல் ஒரு பெரிய கெப்பாசிட்டரை வைத்து 230 வோல்ட்டைக் குறைக்கும் மலிவு சப்ளை போர்டுகள் விற்கிறார்கள், சில எல்இடி பல்புக்குள்ளும் அதுதான் இருக்கும். அதில் வெளியே வரும் 5 வோல்ட் கம்பியே மெயின்ஸோடு நேராகத் தொடர்பில் இருக்கும். அதை சம்ப் தண்ணீரில் இறக்கினால் குடம் வைத்து மொள்ளும் ஆளுக்கு ஷாக். உங்கள் கையில் இருக்கும் சார்ஜர் எது என்று சந்தேகம் இருந்தால் மூன்று பென்சில் பேட்டரி போட்டுவிடுங்கள், எல்இடிக்கு ஒரு புஷ் பட்டன் வைத்து அழுத்தினால் மட்டும் பார்க்கிற மாதிரி. அப்படிச் செய்தால் பேட்டரியும் மாதக்கணக்கில் வரும்.


வாளிக்காவலன் எழுதியது:

சார்ஜர் எந்தக் கம்பெனி என்று தெரியவில்லை சார், எழுத்தெல்லாம் அழிந்துவிட்டது. பென்சில் பேட்டரியும் புஷ் பட்டனுமே வைத்துக்கொள்கிறேன். கம்பிகளைத் தள்ளி வைத்ததும் கொட்டினவுடன் சத்தம் நின்றுவிடுகிறது, 330 தேவைப்படவில்லை. ஸ்பூனுக்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. பாத்திரக் கடையில் தனியாக இரண்டு வாங்கிக்கொள்கிறேன்.